வளையத்தில் தெரியாதது

காலைப் பாலை இறக்கி, எடை போட்டு, சீட்டும் வாங்கிய பிறகு ஆஷி கெர்பர் கிளம்பாமல் நின்றான். காலி கேன் ஒன்றை வண்டியில் ஏற்றினான், இறக்கினான், மறுபடி ஏற்றினான். எங்கள் ஊர் சீஸ் கூடத்தில் முப்பது வருஷமாகப் பால் வாங்குகிறவன் நான். பாலில் குறை இருந்தால் கொண்டு வருகிறவன் முகத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன். அன்றைக்குப் பால் நன்றாகத்தான் இருந்தது.

"என்ன ஆஷி, மாட்டுக்கு ஏதாச்சும் சொகமில்லியா?"

"மாடெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"அப்ப?"

"வெள்ளிக்கிழமைக்குள்ள அஞ்சு பேரு எழுதிக் குடுக்கணும் எமில்."

எனக்கு விளங்கிவிட்டது. ஜூன் மாதத் துப்பாக்கி சுடும் குழுப் போட்டிக்கு ஊருக்கு ஐந்து பேர். முந்நூறு மீட்டர் தூரம், குப்புறப் படுத்துச் சுட வேண்டும், ஆளுக்கு இருபது குண்டு, குண்டுக்கு அதிகம் போனால் பத்துப் புள்ளி. பதினோரு வருஷமாக ஆஷிதான் தலைவன். பதினோரு வருஷமும் அதே ஐந்து பெயர்கள்: அவன், அவன் மனைவி தெரேஸ், தபால்கார ஹெர்மான், தச்சன் ரோல்ஃப், நான். யோசிக்க வேண்டியதே இருக்காது. தெரேஸ் தூக்கக் கலக்கத்தில் சுட்டாலும் நூற்றுத் தொண்ணூறு வாங்குவாள்.

அந்த வசந்தத்தில் மட்டும் அவளுக்கு நூற்று எண்பத்தொன்று, நூற்று எழுபத்தாறு, நூற்று எழுபத்து நாலு என்று இறங்கிக்கொண்டே வந்தது. சலோமே அதே மூன்று வாரமும் நூற்று எண்பத்தேழுக்குக் குறையவில்லை. சலோமே வேறு யாருமில்லை, ஆஷியின் மகன் யோனாஸைக் கட்டிக்கொண்டு வந்தவள். பீல் நகரத்துக் கடிகாரப் பட்டறையில் வேலை பார்த்த பெண். எங்கள் மலைச்சரிவுக்கு வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது.

"பொண்டாட்டியத் தூக்கிட்டு மருமகளப் போடணும்" என்றான் ஆஷி. "ரெண்டு பேரும் ஒரே அடுப்புல சமைக்கிறவங்க. நீயே சொல்லு, அப்புறம் நான் எங்க போயி சாப்பிடுறது?"

"எங்க வீட்டுக்கு வா."

"உன் பொண்டாட்டி சுடுற உருளக்கெழங்கு ரோஸ்டியத் தின்னுட்டா? அதுக்குப் பட்டினி கெடக்கலாம்."

"எங்கிட்ட சொன்னது சரி. அவகிட்ட சொல்லிறாத. தெரேஸையே கேட்டியா, ஏன் இப்படின்னு?"

"கேட்டேன். போன வாரம் காத்துன்னா. அதுக்கு முந்தி தோள்பட்ட வலின்னா. நேத்து கேட்டா தோட்டாவே சரியில்லங்கிறா. அந்தத் தோட்டாலதான் நான் நூத்தி எண்பத்தெட்டு எடுத்தேன்."

"அதச் சொன்னியா?"

"எனக்கு உசிர் மேல ஆச இல்லியா?"

மறுநாள் புதன்கிழமைப் பயிற்சி. மாலை வெயில் சாய்ந்து இலக்குகளின் மேல் நேராக விழுந்திருந்தது. சுடுவதற்கு அதைவிட நல்ல வெளிச்சம் கிடைக்காது. நான் தெரேஸுக்கு அடுத்த பாயில் படுத்திருந்தேன்.

எங்கள் துப்பாக்கிகளில் கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சிறு துளை, குழலின் நுனியில் முன்குறி. அந்த முன்குறியை அவரவர் இஷ்டப்படி மாற்றிக்கொள்ளலாம். தெரேஸ் வைத்திருந்தது தூண். தட்டைத் தலை கொண்ட சின்னக் கறுப்புத் தூண். அதன் தலையில் இலக்கின் கறுப்பு வட்டத்தை ஒரு பந்தைப் போல உட்கார வைத்துச் சுட வேண்டும். மற்ற வகை வளையம். வளையத்துக்குள் கறுப்பு வட்டத்தை நடுவாக நிறுத்தி, சுற்றிலும் வெள்ளை ஒரே அளவாகத் தெரிகிறபோது விசையை அழுத்த வேண்டும். ஹெர்மான் எட்டு வருஷத்துக்கு முன்பே வளையத்துக்குப் போய்விட்டான். சலோமே முதல் நாளிலிருந்தே வளையம்தான். நானும் ஆஷியும் தெரேஸும் தூணை விடவில்லை.

தெரேஸ் சுடுகிற விதமே அன்று வேறாக இருந்தது. முன்பெல்லாம் மூச்சு, நிறுத்தம், குண்டு என்று தாளம் தப்பாது. இப்போது கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையிலிருந்து எடுத்தாள், கண்ணைத் துடைத்தாள், மறுபடி வைத்தாள். பக்கத்தில் புள்ளி காட்டும் சிறு திரையில் ஏழு விழுந்தது. பிறகு ஒன்பது. பிறகு ஆறு. ஆறைப் பார்த்ததும் அவள் திரையைக் கையால் மறைத்துக்கொண்டாள். பரீட்சையில் பிள்ளைகள் செய்வதுபோல இருந்தது. நான் என் இலக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நூற்று எழுபத்தொன்று.

சுட்டு முடித்து உள்ளே பெஞ்சுகளில் உட்கார்ந்தோம். ஹெர்மானுக்கு வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியாது.

"வயசாச்சு தெரேஸ், ஒத்துக்க. ஐம்பத்தாறுல தூணு தெளியாது. வளையத்தப் போட்டுட்டு என்ன மாதிரி நிம்மதியா இரு."

"உன்ன மாதிரியா? நீ வளையத்தப் போட்டும் பக்கத்து ஆளு இலக்குல சுட்டவன்தானே."

"அது ஒரு தடவ!"

"ரெண்டு" என்றான் ரோல்ஃப்.

"வளையத்துல கறுப்பு மெதக்குது ஹெர்மான்" என்றாள் தெரேஸ். "நடுவுல இருக்குன்னு நீயா நெனச்சுக்குற. தூணுல அப்படி இல்ல. உக்காந்தா உக்காந்துச்சு, இல்லேன்னா இல்ல. பொய் சொல்லாது."

சலோமே தன் தகரப் பெட்டியை மேஜைமேல் மெதுவாக நகர்த்தினாள். அதற்குள் அவளுடைய வளையங்கள் அளவுவாரியாக அடுக்கியிருந்தன.

"ஒரு தடவ போட்டுப் பாருங்களேன் தெரேஸ். பிடிக்கலேன்னா எடுத்துரலாம்."

"என் எடத்துக்கு வரணும்னா நேரா கேளு. பெட்டியக் குடுத்து ஏன் கேக்குற?"

சலோமேயின் காது மடல் சிவந்தது. பெட்டியை அவள் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. எழுந்துபோய்த் தன் துப்பாக்கியைத் துடைக்க ஆரம்பித்தாள். ஆஷி மேஜையில் இருந்த ரொட்டித்துணுக்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றான்.

அடுத்த நாள் மதியம் எனக்குத் தொலைபேசி வந்தது.

"எமில், களத்துச் சாவி உங்கிட்டதானே இருக்கு?" தெரேஸின் குரல்.

"ஆமா."

"சாயங்காலம் தெற. ஆஷிகிட்ட சொல்லாத."

போனேன். அவளும் சலோமேயும் ஒரே வண்டியில் வந்து இறங்கினார்கள். இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் தகரப் பெட்டி தெரேஸின் கையில் இருந்தது. அவளாகவே கேட்டிருக்கிறாள் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"சின்னது வேண்டாம்" என்றாள் சலோமே. "சின்ன வளையம் கறுப்ப நெரிக்கும், அசைஞ்சா பயம் வரும். பெருசாப் போடுங்க. வெள்ளை தாராளமாத் தெரியட்டும். நடுவத் தேடாதீங்க, கண்ணு தானாப் போயி நிக்கும்."

"தேடாம எப்படிச் சுடுறது?"

"சும்மா பாருங்க. பாத்துக்கிட்டே அழுத்துங்க."

முதல் குண்டு எட்டு. இரண்டாவது ஒன்பது. அதன் பிறகு பத்து, பத்து, ஒன்பது, பத்து. பழைய தாளம் திரும்பிவிட்டது. இருபது முடிந்தபோது நூற்று எண்பத்தெட்டு. தெரேஸ் பாயில் மல்லாந்து படுத்துக் கூரையைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது.

"தேவடியா மகனுங்க கண்டுபிடிச்சத இத்தன வருஷமா விட்டுட்டேனே" என்றாள்.

நான் பீர் எடுத்து வந்தேன். போட்டி பிழைத்தது, ஆஷியின் சாப்பாடு பிழைத்தது என்று எனக்கும் சந்தோஷம். சலோமே மட்டும் கேட்டாள்:

"தூணு எப்படித் தெரிஞ்சுது உங்களுக்கு? மங்கலாவா?"

"மங்கலெல்லாம் இல்ல. இடுப்பு ஒடிஞ்ச கெழவன் மாதிரி. நடுவுல வளைஞ்சு, அங்கேயே கொஞ்சம் கடிச்சு எடுத்த மாதிரி." தெரேஸ் உடம்பை ஒருபக்கம் ஒடித்துக் காட்டினாள். நான் சிரித்தேன்.

சலோமே சிரிக்கவில்லை. பீரை அப்படியே வைத்துவிட்டு வளையங்களைப் பெட்டியில் அடுக்கினாள்.

வெள்ளிக்கிழமை ஆஷி பழைய ஐந்து பெயர்களையும் எழுதிக் கொடுத்துவிட்டான்.

சனிக்கிழமை, வெட்டிக் காயவைத்த புல்லை வாரும் நாள். ஆஷியின் ஓபர்ப்யூல் பண்ணையின் பின்சரிவில் எந்த இயந்திரமும் நிற்காது. ஆள்தான் இறங்கி வாரவேண்டும். மதியத்துக்கு மேல் மேற்கே வானம் ஈயம் பூசினதுபோல ஆனது. அக்கம்பக்கத்தில் கை சும்மா இருந்தவர்கள் எல்லோரும் ஓடினோம். மேலே யோனாஸ் வாரிவிட, நடுவில் நானும் ஆஷியும் புரட்ட, கீழே பெண்கள் வண்டிக்கு அள்ளினார்கள். காய்ந்த புல் சட்டைக்குள் புகுந்து வியர்வையோடு ஒட்டிக்கொண்டது. முதல் இடி உருண்டபோது கடைசி வண்டி கொட்டகைக்குள் ஏறியது. நானும் பெண்களும் சமையலறைக்குள் ஓடினோம். ஆஷியும் யோனாஸும் புல்லை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

தெரேஸ் காபிக்குப் பால் வைத்தாள். சலோமே கை கழுவியவள், ஈரக் கையோடு அடுப்புக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். அடுப்புக்குப் பின்சுவரில் வெள்ளைச் சதுர ஓடுகள் வரிசை வரிசையாகப் பதித்திருந்தன.

"தெரேஸ், இடது கண்ண மூடிட்டு அந்தச் செவுத்து ஓடுகளப் பாருங்க. கோடு எல்லாம் நேரா இருக்கா?"

"பால் பொங்கிரும், போ."

"நான் பாத்துக்கறேன். பாருங்க."

"என்ன வெளையாட்டு இது?"

"பட்டறைல எங்களுக்கு வருஷா வருஷம் கண்ணு பாப்பாங்க. கட்டம் போட்ட தாளக் குடுத்து, ஒத்தக் கண்ணால பாக்கச் சொல்லுவாங்க. எனக்கு அடுத்த மேஜைல ஒரு அக்கா இருந்தா. அவளுக்குக் கட்டம் வளைஞ்சு தெரிஞ்சுது. வேல போயிரும்னு ஒரு வருஷம் யாருகிட்டயும் சொல்லல."

"அப்புறம்?"

"அப்புறம் சொன்னா. டாக்டர் லேட்டுன்னுட்டாரு."

பால் பொங்கியது. சலோமே இறக்கி வைத்தாள். தெரேஸ் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்தாள். வெளியே மழை தகரக் கூரையில் கொட்டத் தொடங்கியது. பிறகு கையை மாற்றி அடுத்த கண்ணாலும் பார்த்தாள்.

"நேராத்தான் இருக்கு" என்றாள்.

"தெரேஸ்" என்றேன் நான்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நடுவுல எல்லாம் உள்ள இழுக்குது" என்றாள். "தண்ணித்தொட்டில அடைப்ப எடுத்தா தண்ணி சுழிச்சு எறங்குமே, அப்படி. மார்ச்சுலயே தெரியும். மொதல்ல தூணுல பாத்தேன். தூணு வளைஞ்சுருச்சுன்னு கழட்டிப் பாத்தேன், நேரா இருந்துச்சு. புதுசு வாங்கிப் போட்டேன். அதுவும் வளைஞ்சுது."

"யாருகிட்டயும் ஏன் சொல்லல?"

"எங்கப்பன் பதினாலு வருஷம் பின் ரூமுல கண்ணு தெரியாம உக்காந்திருந்தான். சோத்துத் தட்டுல எது எங்க இருக்குன்னு நான்தான் சொல்லணும். கடியார முள்ளக் காட்டுற மாதிரி, உருளக்கெழங்கு பன்னெண்டு மணில, கறி மூணு மணில." மேஜைவிரிப்பின் ஓரத்தை விரலால் இழுத்துவிட்டுக்கொண்டாள். "தூணப் பாக்குறப்பல்லாம் அந்த ரூமு ஞாபகம் வரும். வளையத்துல அது தெரியல. அதான் எனக்கு அவ்வளவு பிடிச்சுப்போச்சு. புரியுதா?"

"புரியுது" என்றாள் சலோமே. "ஆனா தெரியலங்கறதுக்காகப் போயிராது. அது அங்கதான் இருக்கு."

"நான்தானே உனக்கு மொதல்ல சொன்னேன், உன் வளையம் பொய் சொல்லும்னு."

"சொன்னீங்க. சரியாத்தான் சொன்னீங்க."

அப்போது ஆஷி தலையெல்லாம் காய்ந்த புல்லோடு உள்ளே வந்தான். மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"என்ன? யாரு செத்தா?"

"யாரும் சாகல" என்றாள் தெரேஸ். "திங்கக்கிழம என்ன பெர்னுக்குக் கூட்டிட்டுப் போ. கண்ணு டாக்டருகிட்ட."

"திங்கக்கிழமையா? மிச்சப் புல்லு…" என்று தொடங்கியவன், மனைவியின் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். "சரி. புல்லு கெடக்கட்டும்."

பெர்னில் டாக்டர் அம்மா அரைமணி நேரம் பார்த்தார். விழித்திரையின் நட்டநடுவில் ஊசிமுனை அளவுக்கு ஓட்டை விழுந்திருக்கிறது என்றார். தெரேஸின் அப்பாவுக்கு வந்தது இது இல்லை, இது மூடக்கூடியது. சீக்கிரம் வந்தது நல்லதாகப் போயிற்று, வருஷக் கணக்கில் விட்டிருந்தால் தன்னால் இவ்வளவு தைரியமாகப் பேச முடியாது என்றார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டதற்குத் தெரேஸ் கூட வந்திருந்த மருமகளைக் கைகாட்டினாள். ஆஷி சீஸ் கூடத்தில் இதைச் சொல்லும்போது இரண்டு தடவை மூக்கைச் சிந்தினான். புல் தூசி என்றான்.

புதன்கிழமை அறுவை நடந்தது. கண்ணுக்குள் வாயுக் குமிழி ஒன்றை விட்டிருந்தார்கள். அது ஓட்டையின்மேல் போய் அழுத்த வேண்டுமானால் ஒரு வாரம் ராப்பகலாக முகம் குப்புறவே இருக்க வேண்டும். குமிழி கரைகிறவரை உயரமான இடத்துக்கு ஏறவும் கூடாது, ஏறினால் அது உப்பிக் கண்ணை அழுத்தும். வருஷா வருஷம் மாடுகளை மலைமேய்ச்சலுக்கு ஓட்டிக்கொண்டு முன்னால் நடக்கிறவள் தெரேஸ்தான். அந்த வருஷம் ஆஷி மட்டும் போனான். பாதி வழியில் இரண்டு பசு திரும்பி ஓடி வந்துவிட்டன. அவளைத் தேடித்தான் வந்தன என்று தெரேஸ் எல்லோரிடமும் சொன்னாள்.

அறுவைக்கு மூன்றாம் நாள், சனிக்கிழமை, போட்டியில் அவள் இடத்தில் சலோமே சுட்டாள். நூற்று எண்பத்தொன்பது. முதல் சுற்றில் தேறினோம், இரண்டாம் சுற்றில் இரண்டு புள்ளியில் தோற்றோம். அந்த இரண்டும் என்னுடையவை என்று சொல்லிவிடுவது நல்லது. சாயங்காலம் எல்லோரும் ஓபர்ப்யூலுக்குப் போனோம். தெரேஸ் மேஜை விளிம்பில் தலையணை வைத்து, நெற்றியை அதில் ஊன்றி, தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஆட்களை அவள் செருப்பை வைத்தே அடையாளம் கண்டாள்.

"ஹெர்மான், சேத்தத் தொடச்சுட்டு வா. எமில், நீ ஏன் கதவுகிட்டயே நிக்குற? தோத்துட்டீங்களா?"

"ரெண்டு புள்ளில."

"யாரு?"

நான் காலை மாற்றி நின்றேன்.

"செருப்பு நெளியுது" என்றாள் தெரேஸ். "சரி விடு. சலோமே எங்க?"

சலோமே வந்து தரையில் மல்லாந்து படுத்தாள், தெரேஸின் முகத்துக்கு நேர் கீழே. அப்படிப் படுத்துக்கொண்டே அன்றைய இருபது குண்டையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஏழாவது குண்டில் வெயில் வந்தது, பதினொன்றில் மேகம் வந்தது, எப்போது காத்திருந்தாள், எப்போது அவசரப்பட்டாள் என்று எல்லாம். தெரேஸ் கேட்டுக்கொண்டே இருந்தாள். நடுவில் ஒரு தடவை, "இனிமே என்ன நீங்க வாங்கன்னெல்லாம் கூப்புடாத, களத்துல எல்லாரும் நீ நான்னுதானே பேசுறோம்" என்றாள். "சரி, நீ தலையத் தூக்காத" என்றாள் சலோமே. ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

ஓட்டை மூடியது. குளிர்காலத்தில் அதே கண்ணில் புரை வந்தது. வரும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார், லென்ஸ் மாற்றினார்கள். தெரேஸ் பாலைக் கறந்தாள், பின்னல் ரொட்டி சுட்டாள், துப்பாக்கியைத் தொடவில்லை. நாங்கள் யாரும் கேட்கவுமில்லை.

ஏப்ரல் முதல் புதன்கிழமை, சரிவில் பனி அங்கங்கே திட்டாகக் கிடந்தபோது அவள் வந்தாள். பாயை விரித்தாள். குழல் நுனியில் தூணைப் பொருத்தினாள்.

"மறுபடி தூணா?" என்றான் ஹெர்மான்.

"வாய மூடு."

தோட்டா போடாமல் படுத்துப் பார்த்தாள். பின்னால் ஆஷி நின்றான், சலோமே நின்றாள். ஹெர்மான்கூட மூச்சுவிடாமல் நின்றான்.

"நேரா இருக்கு" என்றாள் தெரேஸ். பிறகு, "பொய் சொல்லல. மயிரிழை ஒரு சாய்வு இருக்கு, டாக்டரம்மா சொன்ன மாதிரி. கடிச்ச எடம் இல்ல."

தூணைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டாள். பெரிய வளையத்தை மாட்டினாள்.

"ஏன் மாத்துற?" என்று கேட்டேன்.

"தூணு எனக்குக் கண்ணு எப்படி இருக்குன்னு சொல்லட்டும். வாரா வாரம் மொதல்ல அதத்தான் கேப்பேன். புள்ளி எடுக்க வளையம் போதும். எனக்கு ரெண்டும் வேணும்."

நூற்று எண்பத்தாறு சுட்டாள். சலோமே நூற்றுத் தொண்ணூற்றொன்று. அந்த மாதம் முழுக்க இருவரும் அதற்குக் கீழே வரவில்லை. மே மாதம் ஆஷி பெயர்த்தாளைக் களத்துக்கே கொண்டுவந்து மேஜையில் போட்டான். தெரேஸ், சலோமே, ஹெர்மான், ரோல்ஃப், எமில். நான் மறுபடி எண்ணிப் பார்த்தேன்.

தெரேஸ் தாளைக் கையில் எடுத்தாள். "உன் பேரு எங்க?"

"நான் நூத்தி எண்பத்துமூணு. கணக்கு நான் போட்டதில்ல, திரை போட்டது."

"பன்னெண்டு வருஷமாத் தலைவன்."

"தலைவன்தான் அஞ்சு பேர எழுதுவான். எழுதிட்டேன்." அவன் பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டான். "போட்டி அன்னிக்கு உங்களுக்கெல்லாம் சாசேஜ் சுட ஒரு ஆளு வேணாமா?"

"நீயா?" என்றாள் சலோமே. "நீ சுட்டா இருபதும் கறுப்புலதான் போகும்."

ஆஷிதான் முதலில் சிரித்தான். தெரேஸ் அவன் தோளில் ஒரு அடி வைத்துவிட்டுத் தன் பாயை எடுத்துக்கொண்டு நடந்தாள். சலோமே தோட்டாப் பெட்டியோடு அவளுக்குப் பின்னால் ஓடினாள். வெளிச்சம் நன்றாக இருந்தது. இன்னும் ஒருமணி நேரம் சுடலாம்.